மைதா பசையில் நிற்கும் எஃப் பிளாக்

ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் தான் மட்டும் ஆடாமல் அமர்ந்து இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், காயலான் கடை கண்ட கர்ணன், என் ஆருயிர்த் தோஸ்து ஜாபர் பாய் அவர்களே. மனு எழுதி எழுதியே விரல் தேய்ந்தும் மனம் தேயாத நம் மகளிர் மன்றத் தலைவி ரமாபாய் அம்மா அவர்களே. முழங்கால் வலியை முன்வரிசைக்கு அழைத்து வந்திருக்கும் மூத்தோர்களே. தண்ணீர் லாரி வருமென்று குடத்தை அங்கே வரிசையில் நிற்க வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே. ஷிப்டு முடிந்து சோற்றுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தோழர்களே. மாடிப்படியில் நின்று கேட்கும் மக்களே, தயவுசெய்து கைப்பிடியில் யாரும் சாயாதீர்கள், அது சாய்வதற்கு வைத்ததல்ல, பார்ப்பதற்கு வைத்தது. உங்கள் அத்தனை பேருக்கும், ராயபுரம் முதல் எண்ணூர் வரை பேர்சொன்னால் தெரிகிற இந்தத் துரையின் பணிவான வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருப்பதாக மைக் செட் போட்ட தம்பி விமல் காதில் சொன்னார். பத்து நிமிடத்தில் நான் தொண்டையைத்தான் கனைப்பேன். ஆனாலும் தம்பியைப் பாராட்ட வேண்டும். மைக்கைக் கம்பத்தோடு சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருக்கிறார் பாருங்கள். புயல் வந்தால் கம்பம் போகும், மைக் போகாது. அப்படிக் கட்ட அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? வேண்டாம், நானே சொன்னால் தற்பெருமை ஆகிவிடும்.

சொல்லச் சொல்கிறீர்களா? சரி, சொல்லிவிடுகிறேன்.

நான் ஹார்பரில் வேலை பார்த்த காலம். கிரேக்க தேசத்துக் கப்பல் ஒன்று, தண்டையார்பேட்டையை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கிற கப்பல், எண்ணெய் டேங்கு ஒழுகிக்கொண்டு வந்து நின்றது. இஞ்சினியர்கள் வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், போனார்கள். கேப்டன் தலையில் கைவைத்து அழுதான். நான் லுங்கியை மடித்துக் கட்டினேன். துணி துவைக்கும் பார் சோப்பு ஒன்று, ஒரு கை தேங்காய் நார், ஒரு முழம் டியூப். உள்ளே இறங்கினேன், அப்பினேன், ஏறினேன். ஒழுகல் நின்றது. கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்டர் துரை, எங்கள் தேசத்துக்கு வாருங்கள், மந்திரி ஆக்குகிறோம்" என்றான். எந்த பாஷையில் சொன்னான் என்று கேட்காதீர்கள். நன்றியுள்ளவன் பேசினால் எல்லா பாஷையும் புரியும். ஜாபர் பாய் சிரிக்கிறார். சிரியுங்கள் பாய். அந்தக் கப்பலைப் பிற்காலத்தில் உடைத்தபோது இரும்பெல்லாம் துருவாய்ப் போயிருந்ததாம், என் சோப்பு மட்டும் நுரையோடு இருந்ததாம்.

அன்பர்களே, இந்த மாதிரி வேலைக்கு நம் வட்டாரத்தில் எத்தனை பெயர் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்தீர்களா? நிற்காததை நிற்க வைத்தால் முட்டுக் கொடுப்பது. ஓடாததை ஓட வைத்தால் ஒப்பேத்துவது. நசுங்கினதை நிமிர்த்தினால் டிங்கரிங். ஓட்டையை மறைத்தால் பட்டி பார்ப்பது. கேட்டவனுக்குச் சமாதானம் சொன்னால் சப்பைக்கட்டு. செய்தது அன்றைக்கே பிரிந்தால் சொதப்பல். செய்யும்போதே பிரிந்தால் டுபாக்கூர் வேலை. செய்தவனையே காணோம் என்றால் டகால்டி வேலை. இன்னும் இருக்கிறது, தாய்மார்கள் இருப்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

காசிமேட்டுக்காரனைக் கேளுங்கள், மீனுக்கு எத்தனை பெயர் சொல்வான். நண்டுக்கு எத்தனை பெயர் சொல்வான். ஏன்? அவன் வலையில் அது நிறைய விழுகிறது. எது நிறையக் கிடைக்கிறதோ அதற்குப் பெயர் நிறைய. அப்படியென்றால் நம் வலையில் விழுந்தது என்ன? ஒழுங்காகச் செய்த ஒரு வேலைக்கு நம்மிடம் ஒரு பெயராவது இருக்கிறதா? யோசியுங்கள். நானும் யோசித்தேன். "ஸோக்கா கீது" என்போம். அதையும் எதைப் பார்த்துச் சொல்வோம்? புதிதாகச் செய்ததைப் பார்த்தா? ஒட்டுப் போட்டது தெரியாமல் இருந்தால், அதைப் பார்த்துச் சொல்வோம்.

நமக்கு வந்த பலகை, கப்பலில் இருந்து கழித்துப் போட்ட பலகை. நமக்கு வந்த இரும்பு, ஜாபர் பாய் கடையில் மூன்றாம் பிறவி எடுக்கிற இரும்பு. நமக்கு வந்த கூரை, பழைய மாநாட்டு பேனர். மேலே தலைவர் சிரிப்பார், கீழே நாம் நனைவோம். நமக்கு வந்த காற்று, யாரோ ஒருவருடைய புகைக்கூண்டு குடித்து முடித்த காற்று. அதையும் ஒப்பேத்தித்தானே மூச்சு விடுகிறோம். இல்லையா? இல்லையென்று சொல்பவர் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, ஒரு கையும் எழவில்லை. ஒரு கை எழுந்தது, அது கொசுவுக்கு.

இனி நம் எஃப் பிளாக்குக்கு வருகிறேன். வெளியூர் அன்பர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கட்டடம் கடலுக்குக் கூப்பிடு தூரம். உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பியைத் தின்கிறது. கம்பி வீங்குகிறது, காரை வெடிக்கிறது, கூரை உதிர்கிறது. ரொட்டியை உலுக்கினால் தூள் கொட்டுமே, அப்படிக் கொட்டுகிறது. இடித்துக் கட்டுங்கள் என்று ரமாபாய் அம்மா மனு மேல் மனு போட்டார். மேலிடத்தில் மனு உறங்கியது, புரண்டது, ஒருநாள் கண் விழித்தது. போன வருடம் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், ஆபத்தான பிளாக் எது என்று அவர் எழுதுவார், எழுதினதை இடித்துக் கட்டித் தருவோம் என்று சேதி வந்தது.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நாம் என்ன செய்தோம்?

வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டி ஒளித்து, குடத்தின் நசுங்கல் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைக்கிற சனம் நாம். வருகிறவர் யார், எதைப் பார்க்க வருகிறார் என்று நாம் யோசிக்கவில்லை. வருகிறார், அவ்வளவுதான். பிளாக்கே கூடியது. ஒரு அண்டா மைதாவைக் கரைத்துக் காய்ச்சினோம். கிண்டியவர் மூன்றாம் மாடி காத்தூன் பீவி அம்மா.

"இன்னா துரை, இவ்ளோ கெட்டியா கீது? சுவத்துக்கா, நோம்பு கஞ்சிக்கா?" என்று கேட்டார்.

"சுவத்துக்குதான் பீவிம்மா. நீ உப்பு போட்டுடாத, அது ஏற்கெனவே நெறைய துன்னுட்டு கீது" என்றேன்.

இதோ அமர்ந்திருக்கிறாரே தலைவர் ஜாபர் பாய், இவர்தான் ஏணியில் ஏறினார். மேலே போனவர் கத்துகிறார்:

"மாமு, இந்த விரிசல்ல என் கையே உள்ள பூட்டுது."

"கைய எட்த்துட்டு பேப்பர வை."

"எந்த பேப்பரு?"

"சினிமா பக்கத்த வை. அரசியல் பக்கம் கனம் தாங்காது."

விரிசலில் பேப்பர், பேப்பர் மேல் மைதா, மைதா மேல் சுண்ணாம்பு. கம்பி தெரிந்த இடத்தில் துணி, துணி மேல் வெள்ளைச் சிமெண்டு. சாய்ந்த படிக்கு மரக்கட்டை, கட்டையை மறைக்கப் பூந்தொட்டி. வாசலில் கலர்ப் பொடியில் கோலம். உலகத்தில் எத்தனையோ வேலை பார்த்தவன் சொல்கிறேன், அன்றைக்கு இந்த பிளாக் வேலை செய்த மாதிரி எந்தப் பட்டாளமும் செய்ததில்லை. விடிந்ததும் நின்று பார்த்தோம். எஃப் பிளாக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. எல்லோரும் ஒரே குரலில் என்ன சொன்னோம்? ஆமாம். ஸோக்கா கீது.

அதிகாரி வந்தார். இளநீர் கொடுத்தோம். மாலை போட்டோம். அவர் நிமிர்ந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். நல்லவேளையாக அழுத்திப் பார்க்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தோம். ரமாபாய் அம்மா ஒருவர்தான் முன்னால் வந்து, "சார், மேல நல்லா பாருங்க, அது பேப்பரு" என்று வாயெடுத்தார். நாம் என்ன செய்தோம்? நாலு பேர் சேர்ந்து அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தோம். "சும்மா இரு அக்கா, வந்தவரு எதிர்ல வூட்டு மானத்த வாங்காத" என்றோம்.

அதிகாரி சிரித்தார். "பரவாயில்லையே, நல்லா மெயின்டெய்ன் பண்றீங்களே. இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றார். நாம் கைதட்டினோம். அன்பர்களே, நாம் கைதட்டினோம்.

பக்கத்தில் ஈ பிளாக். அங்கே மைதாவை யார் கரைப்பது என்று சண்டை. அந்தச் சண்டை முடிவதற்குள் அதிகாரி உள்ளே போய்விட்டார். கம்பியைப் பார்த்தார், காரையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு வெளியே ஓடிவந்தார். இடித்துக் கட்ட உத்தரவு. தன் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று பட்டாசு வெடித்த கூட்டம் இந்தப் பூமியில் அவர்கள்தான். இன்றைக்கு அங்கே புதுக் கட்டடம் எழும்புகிறது. இரவும் பகலும் நம் ஜன்னல் வழியாக அதன் சிமெண்டுத் தூசு வருகிறது. அதையும் தட்டிவிட்டுத்தான் சோறு தின்கிறோம்.

யாரைக் குற்றம் சொல்வது? அந்த அதிகாரியையா? அவர் கண்ணால் கண்டதை எழுதினார். நம்மையா? மானத்தோடு வாழ ஆசைப்பட்டது குற்றமா? சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை. கிரேக்கக் கப்பலின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த எனக்கு, இது தெரியவில்லை.

இப்போது என் தங்கை வரலட்சுமி கதைக்கு வருகிறேன். கூடப் பிறந்தவளல்ல, கூடவே குடியிருப்பவள். இரண்டாம் மாடி. மழை முடிந்த கையோடு, ஒரு மத்தியான வேளை, அவள் குழாயடியில் நின்றபோது அவள் வீட்டுக் கூரை இறங்கியது. கட்டில் மேலே இறங்கியது. சத்தம் கேட்டு ஓடினோம். கட்டிலின் சட்டம் இரண்டாக முறிந்து கிடந்தது. மேலே பார்த்தால் துருவேறிய கம்பிகள், விலா எலும்பு மாதிரி. அவள் மகள் மகிழினியைப் போட்டு ஆட்டிய தொட்டிலின் கொக்கி, அந்தக் கான்கிரீட்டோடு சேர்ந்து கீழே கிடந்தது. அதே மகிழினிக்கு இப்போது தலைப்பிரசவம். வருகிற வெள்ளிக்கிழமை மாதவரத்தில், மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். எந்தத் தாய்க்கும் அது ஒரு திருவிழா. ஏழை வீடென்றால் அது ஒன்றுதான் திருவிழா.

வீடு பார்க்கச் சம்பந்தியம்மாள் வந்தார். வாசலிலேயே நின்றார். நிமிர்ந்து பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"எங்க மாதவரத்துல மாட்டுக்குக்கூட தளம் போட்டு வெச்சிகீறோம் சம்பந்தி. வெள்ளிக்கெயமைக்குள்ள இத்த சரி பண்ணு. இல்லேன்னா பொண்ணு எங்ககிட்டயே இருக்கட்டும்."

கடுமையான பேச்சுதான். ஆனால் அன்பர்களே, அந்த அம்மாள் சொன்னதில் தவறு எங்கே? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மாதவரம் போய் மாட்டுத்தொழுவத்திலேயே நின்று கேட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் வரலட்சுமி என் பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். குனிந்து பேசினாள்.

"அண்ணே, தெர்மாகோல் ஷீட்டு அடிச்சு, கீழ வலை கட்டி, வெள்ள அடிச்சு குட்துடு. அவங்க வந்து பாத்துட்டு பொண்ண வுட்டுட்டு போவட்டும்."

"அப்பால?"

"அப்பால நான் பாத்துக்கறேன்."

"மேலேருந்து மிச்சமும் வுழுந்தா? தெர்மாகோலு தாங்குமா?"

"வேற கட்டில் வாங்கிப் போடறேன், அவ அதுக்கு அடியில படுத்துக்கட்டும்ணே. நான் மேல படுத்துக்கறேன். வுழறது என் மேல வுழட்டும்."

நான் லாரிக்கு அடியில் இருந்து வெளியே வரவில்லை. வேலை முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு இருந்தேன்.

என்னால் முடியாதா? நான் நினைத்தால் அந்த வீட்டுக்கு அரண்மனைக் கூரை போடுவேன். நடுவில் தாமரைப் பூ வைப்பேன். சம்பந்தியம்மாள் என்ன, அரபு நாட்டு ஷேக் வந்தாலும் அண்ணாந்து பார்த்து அசந்து போவான். ஆனால் அதன் கீழே ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் படுப்பாளே. பிறந்த குழந்தை மல்லாந்து படுத்து, அந்தத் தாமரைப் பூவைத்தானே முதலில் பார்க்கும். அப்புறம் அந்தப் பூவுக்கு மேலே தொங்குகிற கான்கிரீட்டுக்கு நான் எந்த சோப்பை அப்புவது?

அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கூட்டமே. ரமாபாய் அம்மா விடாமல் அலைந்ததால் மறுபடி ஓர் அதிகாரி வருகிறார். இந்த வாரத்துக்குள் வருகிறார். எந்த நாள் என்று சொல்ல மாட்டார்களாம். போன தடவை நாம் கொடுத்த இளநீரின் கதை மேலிடத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

பின்னால் யார்? என்ன சொல்கிறீர்கள்? "தெர்மாகோல ஆபீசர் வரும்போது கயட்டிட்டு, போனப்புறம் மாட்டிக்கலாம்" என்கிறீர்கள். நல்ல யோசனை. நம் புத்தி அங்கேதான் போகும், எனக்கும் முதலில் அங்கேதான் போனது. எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாதே தம்பி. அவர் படியேறும்போது வரலட்சுமி வீட்டுக் கூரை வெள்ளையாக இருந்தால், மறுபடி "பத்து வருஷம் தாங்கும்" என்று எழுதுவார். அந்தப் பத்து வருடம் கூரை தாங்காது. தாங்கப் போவது நம் தலை.

ஆகவே என் தங்கையிடம் முடியாது என்று சொன்னேன். எண்ணூர் முதல் ராயபுரம் வரை எவன் எதைக் கொண்டுவந்து போட்டாலும் முடியாது என்று சொல்லாதவன் நான். அன்றைக்குச் சொன்னேன். அவள் திரும்பிப் போனாள். போகிற வழியில் சிமெண்டுக் கடையில் நின்று விலை கேட்டதை நான் பார்த்தேன்.

எனவே எஃப் பிளாக் மக்களே, கைகூப்பிக் கேட்கிறேன். இந்த ஒரு வாரம் எதையும் மறைக்காதீர்கள். விரிசல் விரிந்தே இருக்கட்டும். உதிர்ந்தது உதிர்ந்தபடி கிடக்கட்டும். கம்பி தெரிகிறதா, தெரியட்டும். படி சாய்கிறதா, சாயட்டும். பூந்தொட்டியை எடுத்துவிடுங்கள். கூரையை மறைத்துக் கட்டிய பேனரைச் சுருட்டிவிடுங்கள். கோலம் வேண்டாம், மாலை வேண்டாம், இளநீர் வேண்டாம். அந்த மனிதர் உள்ளே நுழையும்போது, நாம் இப்படித்தான் வாழ்கிறோம் என்று இந்தச் சுவர் சொல்லட்டும். நம் வாய் சொல்லி எவன் கேட்டான்? சுவர் சொல்லட்டும். நமக்கு ஒட்டத் தெரியும், கட்டத் தெரியும், அடைக்கத் தெரியும், மறைக்கத் தெரியும். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வாரம், சும்மா இருக்கத் தெரியுமா நமக்கு? எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று காலையிலேயே முதல் மாடியில் மைதா வாசனை வந்தது. யார் என்று கேட்கவில்லை. கேட்டால் போண்டா என்பீர்கள்.

என்ன அங்கே சலசலப்பு? யார் எழுந்து நிற்பது? வரலட்சுமியா?

தங்கச்சி, நீ உட்காரம்மா. உன்னைச் சபையில் நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. பேச வேண்டுமா? பேசு. தம்பி விமல், அந்த மைக்கை அவிழ்க்க முடியாது, நான் கட்டச் சொன்ன கட்டு அது. தங்கச்சி, நீ அங்கிருந்தே சத்தமாகச் சொல், நான் இங்கே திருப்பிச் சொல்கிறேன்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். கேளுங்கள், அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"நான் சிமெண்டு வாங்கலண்ணே. வெல கேட்டேன், வந்துட்டேன். கூரை அப்டியே தொறந்து கெடக்கட்டும். பொண்ணு அங்கியே பெத்துக்கட்டும். நான் பஸ் ஏறி மாதவரத்துக்குப் போய், சம்பந்தி வூட்டு வாசல்ல குந்திகினு, அவங்க உள்ள கூப்டா போய் கொயந்தைய பாத்துட்டு வரேன்."

கை தட்டாதீர்கள். தயவுசெய்து யாரும் கை தட்டாதீர்கள். போன வருடம் தட்டியதே போதும். பெற்ற பெண்ணின் பிரசவத்துக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் போய் உட்காருவது என்றால் என்னவென்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். ஆண்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உட்காரம்மா வரலட்சுமி. உட்கார்.

நான் இன்னும் நிறையப் பேசுவதாக இருந்தேன். ஜாம்பஜாரில் ஒரு லாரியை வாழைப்பழத்தால் ஓட வைத்த கதை ஒன்று வைத்திருந்தேன். இன்றைக்கு வேண்டாம். தலைமை தாங்கிய ஜாபர் பாய்க்கும், மறுபடி அலைந்த ரமாபாய் அம்மாவுக்கும், மைக் தந்த விமலுக்கும், குடம் என்ன ஆயிற்றோ என்ற கவலையோடும் உட்கார்ந்து கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. அதிகாரி வந்து போகும் வரை யாரும் அறையின் நடுவில் பாய் விரிக்காதீர்கள். பிள்ளைகளைச் சுவரோரமாகப் படுக்க வையுங்கள். வணக்கம்.